லன்சறோட்டியில் ஒரு நேர்த்தி

— "உலகத்தில ஒரேயொரு இடத்துக்குப் போகலாமெண்டா, எங்கை போவீர் கமலா?" எண்டு கேட்டது நீங்கள்தானே அப்பா?

— கேட்டனான். பாஸ்போட் வந்த சந்தோசத்தில, கட்டின மனிசியெண்டு வாய் தவறிக் கேட்டுப்போட்டன். பாரிஸ் எண்டு சொல்லுவீர், சுவிசில இருக்கிற பெரியம்மாவின்ரை மகளிட்டைப் போவம் எண்டு சொல்லுவீர் எண்டு நினைச்சன். உந்தக் கோலத்தில கொண்டுவந்து சேர்ப்பன் எண்டு நான் கண்டனானே?

— அண்ணை, நிண்டு கத்தாமல் அந்த டெற்றோல் போத்திலை எடுங்கோ. மச்சாள், காலை ஆட்டாதேங்கோ. பேசினுக்குள்ள வைச்சிருங்கோ எண்டெல்லோ சொன்னனான்.

— எரியுது தவம்.

— எரியும். எரியாமல்? இதைக் காலெண்டு சொல்ல ஏலுமே? கொத்துரொட்டி மாதிரிக் கிடக்கு. இஞ்சை, இந்தக் குதியில இன்னும் ஒரு கல்லு நிக்குது. அண்ணை, மேலை என்ரை பையுக்குள்ள புருவம் எடுக்கிற சாமான் ஒண்டு கிடக்கு, அதையும் கொண்டு வாங்கோ.

— நேற்று இரவு கற்விக் எயாப்போட்டில வந்து இறங்கினதில இருந்து நான் ஏறுறதும் இறங்குறதும்தான். அங்கை எரிமலை, இஞ்சை லண்டனில மனோர் பார்க் வீட்டுப் படி. எனக்கும் முழங்கால் எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை.

— உங்கடை முழங்காலைப் பேந்து பாப்பம். வாற ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம். ஆராத்தி எடுக்கவேண்டிய ஆள் இந்தா, காலை ஊறப்போட்டுக்கொண்டு இருக்கிறா. கோயில்ல எப்பிடி நிக்கப்போறீங்கள் மச்சாள்? தள்ளுவண்டியில இருந்தோ ஆராத்தி எடுப்பீங்கள்?

— நிப்பன். அதுக்கென்ன. இன்னும் அஞ்சாறு நாள் கிடக்குத்தானே.

— "அதுக்கென்ன!" இவவுக்கு எல்லாத்துக்கும் ஒரு "அதுக்கென்ன". அண்ணை, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்? இவ சப்பாத்தைக் கழட்டேக்கை என்ன பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?

— நான் முன்னுக்கு. எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஸ்பானியப் பொடியனோடை போய்க்கொண்டிருக்கிறன். அவன் நல்ல பொடியன், எரிமலையைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு வாறான். அந்தத் தீவு ஒருகாலத்தில வெடிச்சு, நெருப்பு ஆறு மாதிரி ஓடிக் கடலுக்குள்ள விழுந்து உறைஞ்சதாம். அந்த உறைஞ்ச விளிம்பிலதான் பாதை. ஒரு பக்கம் கடல், கீழை நிண்டு அடிக்குது, தண்ணி எங்கடை முகம் வரைக்கும் தெறிக்குது. மற்றப் பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் கல்லு. ஒரு புல்லு, பூண்டு, ஒரு காகம் கிடையாது. மெய்யாத்தான் சொல்லுறன் தவம், இவ்வளவு வருசமாப் பெற்றோல் ஷெட்டில நிண்டு மங்கிக் கிடந்த என்ரை கண் திறந்துபோச்சு. அப்பிடி ஒரு வடிவு. வாயைப் பிளந்துகொண்டு திரும்பி "கமலா, இஞ்சை பாரும்" எண்டுறன். பாத்தா, இவ சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வெறுங்காலோடை வாறா. சப்பாத்து ரெண்டும் கையில.

— சீலையோ? அந்தக் கல்லுக்குள்ளையும் சீலையோ?

— மஞ்சள் சீலை! காலமை ஹோட்டல்ல அதை உடுக்கேக்கையாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேணும். நான் நினைச்சன், போட்டோவுக்கு வடிவா இருக்குமெண்டு உடுக்கிறா எண்டு.

— நீங்கள் நினைப்பீங்கள். அவன் தடுக்கேல்லையோ, அந்தப் பொடியன்?

— தடுக்காமல்? ஓடி வந்து "லேடி, லேடி, ஷூஸ்" எண்டு கும்பிடாத குறை. இவ அவனுக்குத் தமிழில பதில் சொல்லுறா.

— தமிழிலயோ? என்ன சொன்னனீங்கள் மச்சாள்?

— "தம்பி, நீர் முன்னால நடவும், நான் ஆறுதலா வருவன்" எண்டு சொன்னனான். அவனுக்கு விளங்கினது.

— விளங்கினதாம்! அவன் என்னட்டை வந்து உங்கடை மனிசிக்குச் சுகமில்லையோ எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? "றிலிஜன், றிலிஜன்" எண்டன். அதோடை அவன் நெஞ்சில சிலுவை போட்டுக்கொண்டு முன்னால போட்டான். பேந்து எங்களோடை வந்த ஜெர்மன்காரர் ரெண்டுபேர் இவவைப் படம் எடுக்கத் துடங்கிச்சினம். கடலை விட்டிட்டு, எரிமலையை விட்டிட்டு, இவவின்ரை காலைப் படம் எடுக்கினம்!

— ஐயோ கோதாரி! இப்ப ஜெர்மனியில எத்தினை வீட்டில இந்தக் கால் தொங்கப்போகுதோ.

— டொறத்தி எண்டு ஒரு இங்கிலீஸ் கிழவி, அந்த மனிசிதான் பாவம், தன்ரை பையில கிடந்த பிளாஸ்ரர் எல்லாத்தையும் தந்தது. இவ ஒண்டையும் ஒட்டேல்லை. "தாங்க்யூ" எண்டு வாங்கிச் சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சவ.

— பிளாஸ்ரர் ஒட்டினா அது வெறுங்கால் இல்லையே அப்பா.

— கேட்டியே தவம்? சட்டம் கதைக்கிறா! நான் பாதை முழுக்க இவவின்ரை சப்பாத்தை அதின்ரை லேஸ் கயிற்றால கட்டிக் கழுத்தில போட்டுக்கொண்டு நடந்தனான். புதுச் சப்பாத்து. மலையேறுற சப்பாத்துத்தான் வேணுமெண்டு ஈஸ்ட்ஹாம் முழுக்க என்னை இழுத்துத் திரிஞ்சு வாங்கினது. அது என்ரை கழுத்திலதான் லன்சறோட்டியைச் சுத்திப் பாத்தது.

— எப்ப இருந்து இதை யோசிச்சு வைச்சிருந்தனீங்கள் மச்சாள்? உண்மையைச் சொல்லுங்கோ.

— மாசிமாசம் அந்த ரவல் ஏஜென்சிக் கண்ணாடியில படத்தைக் கண்டனான். கரையோடை ஒரு பாதை, ஆக்கள் வரிசையா நடந்து போகினம். கதிர்காமப் பாதை மாதிரியே இருந்தது.

— அதுக்குப் பிறகுதான் விடியக்காலமை விடியக்காலமை வான்ஸ்ரெட் பிளாற்ஸ் புல்வெளியில நடக்கத் துடங்கினவ. பள்ளிக்கூடக் குசினி வேலைக்குப் போக முன்னம் ஒரு நடை, வந்து ஒரு நடை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் சொன்னதாக்கும் எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்.

— கதிர்காமப் பாதை எண்டுறீங்கள். நீங்கள் எப்ப கதிர்காமம் நடந்து போனனீங்கள் மச்சாள்?

— நான் போகேல்லை. அம்மா போனவ. செல்வச்சந்நிதியில கும்பிட்டு வெளிக்கிட்டு, கரையோடையே கீழை போய், பொத்துவில், ஒக்கந்தை, கூமுனை எண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. அப்பிடி நடப்பன் எண்டு நேர்ந்திட்டன். இப்ப அங்கை போகேலுமே? எங்கடை வீட்டுக்கே எங்களுக்குப் போகேலாது.

— அதுக்கு ஸ்பெயின்காரன்ரை தீவோ?

— முருகன் கடலோரம் நடந்து வா எண்டு கேட்டார். எந்த நாட்டுக் கடலெண்டு பாஸ்போட் பாக்கிறேல்லை அவர்.

— பாத்தியே, இப்பிடித்தான் தவம், அங்கையும் இப்பிடித்தான் எனக்கு வாய் அடைச்சவ. எனக்கு உந்தக் கோயில் விசயம் ஒண்டும் தெரியாது, முருகனுக்கு எத்தினை கையெண்டு கேட்டாலும் முழிப்பன். எங்கடை அப்பர் செத்தாப்பிறகு செய்யவேண்டியது முழுக்க ஊரில சின்னண்ணைதானே செய்தது. ஆனா ஒண்டு கேக்கிறன். நேர்த்தி எண்டா கட்டின புருசனிட்டை ஒரு வார்த்தை சொல்லுறேல்லையோ? "ஹொலிடே" எண்டு சொல்லி ஏத்திக்கொண்டு போய், கல்லுக்குள்ள இறக்கிவிட்டு "நேர்த்தி" எண்டா?

— சொன்னா விட்டிருப்பீங்களோ?

— விட்டிருக்கமாட்டன்.

— அதுதான் சொல்லேல்லை.

— ரெண்டுபேரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ. இந்தா, கல்லு வந்திட்டுது. இஞ்சை பாருங்கோ, ஊசி மாதிரி. இதோடை எப்பிடி நடந்தனீங்கள்? எனக்கு வாற கோவத்துக்கு... ஆருக்காக மச்சாள்? ஆருக்காக இந்தக் காலைக் கிழிச்சுக்கொண்டு வந்திருக்கிறீங்கள்? உங்கடை தமையனுக்காக, கொண்ணருக்காகத்தானே?

— தவம், மெல்ல.

— நான் ஏன் மெல்லக் கதைக்கவேணும்? மெல்லக் கதைச்சுக் கதைச்சுத்தான் ஒம்பது வருசம் போச்சு. ஒரே பந்தல்ல அண்ணை உங்களுக்குத் தாலி கட்ட, உங்கடை கொண்ணர் எனக்குக் கட்டினவர். உங்களுக்கு மனிசன் இருக்கிறார், இந்தா சப்பாத்துச் சுமக்கிறார். என்ரை ஆளை எண்பத்தேழில ஆமி கொண்டுபோச்சு. காம்ப் காம்பா ஏறி இறங்கினன். பேந்து அண்ணை என்னை இஞ்சை கூப்பிட்டவர். இஞ்சையும் என்ன? ரெலிபோன் அடிச்சா அவரோ எண்டு ஓடிப்போய் எடுப்பன். ஒவ்வொரு வெள்ளியும் சேர்ச் ரோட் முருகனிட்டைப் போய், உயிரோடை இருந்தாக் காணும், கை கால் இல்லாட்டியும் பரவாயில்லை எண்டு கும்பிட்டனான். கடைசியில என்ன? கனடாவில, ஸ்காபுறோவில, ஒரு தமிழ்க் கடையில, பக்கத்தில ஒரு மனிசியும் தள்ளுவண்டியில பிள்ளையுமா நிண்டு முருங்கைக்காய் தெரிஞ்செடுத்துக்கொண்டிருந்தவராம்! வந்து சொன்னது ஆர்? நீங்கள்தானே?

— நான்தான்.

— பாலாம்பிகை அக்காவின்ரை மருமகன் கண்ணால கண்டதெண்டு சொன்னனீங்கள்தானே?

— ஓம்.

— அப்ப? அப்பிடிப்பட்ட மனிசனுக்கு நேர்த்தி ஒரு கேடோ? அவர் அங்கை முருங்கைக்காய் தெரிவார், நீங்கள் இஞ்சை காலைக் கிழிப்பீங்களோ?

— அண்டைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை தவம். எனக்கு ஞாபகம் கிடக்கு.

— ஏன் விடவேணும்? கோவம் வந்தது. தாலியைக் கழட்டி அலுமாரிக்குள்ள எறிஞ்சன். அந்தக் கோவத்திலதான் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிவெழுதினது. அந்தக் கோவத்திலதான் இந்த ரெய்னர்ஸ் லேன் மாப்பிள்ளைக்கு ஓமெண்டது. இல்லாட்டி என்ரை வாயால ஓம் எண்டு வந்திருக்குமே?

— அது நல்ல கோவம்.

— என்ன?

— நல்ல கோவம் எண்டன். இருக்கட்டும். தண்ணி ஆறிப்போச்சு, கொஞ்சம் சுடுதண்ணி விடன்.

— நல்லதுதான் பிள்ளை. ஸ்ரீஸ்கந்தராஜாவைப் போல ஒரு மனிசன் கிடைக்குமே? பொம்பிளை பாக்க வரேக்கை மிக்ஸி கொண்டு வந்த ஆள்!

— அண்ணை, அந்த மிக்ஸிக் கதையை விடுங்கோ. போன கிழமை முழுக்க எல்லாரும் அதைச் சொல்லித்தான் சிரிக்கினம்.

— சிரிக்கட்டும். பூ வாடிப்போகும். மிக்ஸியில நீ ஒவ்வொருநாளும் சம்பல் அரைப்பாய்.

— அவர் அதைத்தான் சொன்னவர். "எனக்குப் பூ தெரிய வராது, நீர் கையால இடிக்கிறீர் எண்டு கேள்விப்பட்டன்" எண்டு. சொல்லிப்போட்டுக் காதெல்லாம் சிவந்துபோய் இருந்தவர்... கதையை மாத்தாதேங்கோ. மச்சாள், எனக்கு இப்ப ஒண்டு விளங்கேல்லை.

— என்ன?

— நேர்த்தி எண்டா, கேட்டது கிடைச்சாப்பிறகுதானே செய்யிறது? பிள்ளை சுகமானாத்தான் காவடி. கப்பல் வந்தாத்தான் அபிசேகம். முன்னுக்கே ஒருத்தரும் செய்யிறேல்லை. நீங்கள் பிளாஸ்ரருக்கே சட்டம் கதைக்கிற ஆள். அப்ப உங்களுக்குக் கேட்டது கிடைச்சிருக்கு.

— கிடைச்சுதுதான்.

— கிடைச்சுதோ! அண்ணை, கேட்டியளே? அப்ப அவரோடை கதைச்சிருக்கிறீங்கள்!

— நான் அப்பிடிச் சொல்லேல்லைத் தவம்.

— ஆள் இருக்கிறாரெண்டு நிச்சயம் தெரியாமல் நீங்கள் அந்தக் கல்லில கால் வைச்சிருக்க மாட்டீங்கள். போன் எடுத்தவரோ? எப்ப எடுத்தவர்? நான் வேலைக்குப் போன நேரமோ?

— கமலா, என்ன இது? ஜம்பு மச்சான் போன் எடுத்தவரோ? எனக்கும் சொல்லேல்லையோ?

— ஒருத்தரும் எடுக்கேல்லை அப்பா.

— நம்பரைத் தாங்கோ மச்சாள்.

— என்ன நம்பர்?

— கனடா நம்பர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் நான் ஒருக்காக் கதைக்கவேணும். சண்டை பிடிக்கமாட்டன். "ஏனப்பா?" எண்டு ஒரு சொல்லுக் கேக்கிறன், அவ்வளவுதான். ஒம்பது வருசத்துக்கு ஒரு சொல்லுக் கூடவோ?

— பிள்ளை, இப்ப போய் அதைக் கிண்டாதை. மண்டபம் சொல்லியாச்சு, ஐயருக்குச் சொல்லியாச்சு, அந்த மனிசன் வீட்டுக்கு வெள்ளை அடிச்சு வைச்சுக்கொண்டு நிக்குது.

— அண்ணை, நான் கலியாணத்தைக் குழப்பவோ எண்டு கேக்கிறன்? ஒரு கேள்விதானே.

— சரி, நீ கேக்கிறாய் எண்டு வையன். அவர் "நான் பிழை விட்டிட்டன் தவம், வா" எண்டு சொன்னா?

— சொன்னா...

— சொல்லு. போவியோ?

— தெரியாது அண்ணை. உண்மையாத் தெரியாது.

— கேட்டீரே கமலா? தெரியாதாம்! ஞாயிற்றுக்கிழமை கலியாணத்தை வைச்சுக்கொண்டு தெரியாதாம்! எல்லாம் உம்முடைய நேர்த்தியால வந்தது. சும்மா கிடந்த பிள்ளையின்ரை மனசில கல்லைத் தூக்கிப் போட்டாச்சு.

— என்னட்டை நம்பர் இல்லைத் தவம்.

— அப்ப பாலாம்பிகை அக்காவின்ரை மருமகன்ரை நம்பரைத் தாங்கோ. நான் அவரிட்டை விசாரிச்சு எடுக்கிறன்.

— அவை வீடு மாறிட்டினம்.

— மாறினா என்ன, பாலாம்பிகை அக்கா அப்டன் பார்க்கிலதானே இருக்கிறா? நாளைக்கு கிறீன் ஸ்றீற்றுக்குப் பூ ஓடர் குடுக்கப் போறன். அப்பிடியே அவவின்ரை வீட்டுக்கும் போட்டு வாறன்.

— போகாதை!

— ஏன் இப்பிடிக் கத்திறீங்கள்? பேசின் தண்ணி முழுக்க என்ரை மடியில!

— தவம், இரு. இஞ்சை இரு எனக்குப் பக்கத்தில. நான் ஜம்பு அண்ணாவுக்கு நேரேல்லை.

— என்ன சொல்லுறீங்கள்?

— அவருக்கு நேர்ந்ததெண்டு நீங்கள் எல்லாரும் நினைச்சனீங்கள். நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. முதல் அவருக்குத்தான் நேர்ந்தனான், அது உண்மை. பேந்து, ரெண்டு வருசத்துக்கு முன்னம், ஒரு வெள்ளிக்கிழமை கோயில்ல நிண்டு மாத்தினனான்.

— நேர்த்தியை மாத்தினதோ? மாத்தி, ஆருக்கு?

— உனக்கு.

— எனக்கோ?

— நீ இன்னொரு சீவியத்துக்கு ஓமெண்டு சொல்லவேணும் எண்டு நேர்ந்தனான். தைப்பொங்கலண்டு நீ உந்தக் கதிரையில இருந்து "சரி மச்சாள், அந்த ரெய்னர்ஸ் லேன் மனிசனை வரச்சொல்லுங்கோ" எண்டாய். மாசியில நான் அந்தப் படத்தைக் கண்டன். அப்ப கேட்டது கிடைச்சுதுதானே? நடக்கத்தானே வேணும்?

— மச்சாள்...

— பாத்தீரே கமலா, இதையாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே! தங்கச்சிக்காக எண்டு சொல்லியிருந்தா நானும் ஒரு காலையாவது வெறுங்காலா வைச்சிருப்பன்.

— வைச்சிருப்பீங்கள், அண்ணை. சாக்ஸோடை. ...மச்சாள், உங்களுக்கு விசரோ? எனக்காகவோ? சொந்தத் தமையனை விட்டிட்டு எனக்கோ நேர்ந்தனீங்கள்?

— அவருக்கு இனி நான் என்னத்தைக் கேக்கக் கிடக்கு.

— அதுவும் சரிதான். அவருக்குத்தான் எல்லாம் கிடைச்சிட்டுதே... காலைக் கொண்டாங்கோ. இல்லை, என்ரை மடியில வையுங்கோ, மடி எப்பிடியும் நனைஞ்சுதான் கிடக்கு. நான் என்னத்தைச் சொல்ல? உங்களைப் பேசிப் பேசியே என்ரை தொண்டை கட்டிப்போச்சு. இப்ப என்னை அழப்பண்ணுறீங்கள்.

— அழாதை. முகம் வீங்கும். ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கிறது.

— அந்த நம்பரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவர் "வா" எண்டா என்ன, "போ" எண்டா என்ன. நீங்கள் எனக்காக அந்தக் கல்லில நடந்திருக்கிறீங்கள். இனி நான் என்னத்துக்கு இன்னொருத்தரிட்டைக் கேள்வி கேக்கப்போறன்?

— அப்பாடா! முருகா, உனக்கு எத்தினை கையோ தெரியாது, எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு. கமலா, நான் போய்த் தேத்தண்ணி வைக்கிறன். அந்தப் பருத்தித்துறை வடை கொஞ்சம் மிச்சம் கிடக்குத்தானே? லன்சறோட்டிக்குப் போய் வந்த வடை.

— ஓம், சூட்கேசுக்குள்ள கிடக்கு. எடுங்கோ.

— அண்ணை, தேத்தண்ணி பேந்து வைக்கலாம், முதல் கதையை முடியுங்கோ. கதிர்காமத்துக்கு நடந்து போறவை மாணிக்க கங்கையில குளிச்சுத்தானே கோயிலுக்குள்ள போறது. இவ எங்கை போய்க் குளிச்சவ? நேர்த்தியைக் குறையில விட்டிருக்கமாட்டாவே.

— அது கடல்லதான். இருக்கட்டும் தவம், உனக்கு நேரம் போகுது.

— ஓம் ஓம், அதை நான் சொல்லவேணும். பாதை முடியிற இடத்தில ஒரு குட்டிக் கடற்கரை. நீ அப்பிடி ஒண்டு கண்டிருக்கமாட்டாய் தவம். எரிமலை எண்டபடியா மண்ணெல்லாம் கறுப்பு. கரி மாதிரிக் கறுப்பு, அதுக்கு மேலை வெள்ளை நுரை வந்து விழுது. மற்ற ஆக்கள் எல்லாம் மேலை இருந்து சாண்ட்விச் சாப்பிடுகினம். இவ தனிய இறங்கிறா. "நீங்கள் வரவேண்டாம்" எண்டுட்டா. நான் சப்பாத்தோடை மேலை கல்லில இருக்கிறன்.

— அப்பா, தேத்தண்ணி வைக்கிறன் எண்டியள்.

— வைக்கிறன், இரும். முழங்காலளவு தண்ணியில போய் நிண்டா. தலையில தண்ணி தெளிச்சா. அதோடை ஏறி வருவா எண்டு பாத்தா, அங்கை நிண்டு விளையாடத் துடங்கிட்டா!

— விளையாடினதோ? மச்சாளோ?

— மெய்யாத்தான் சொல்லுறன். ஒரு கை நிறையக் கறுப்பு மண். மற்றக் கையால கடல் தண்ணியை அதுக்கு மேலை விட்டு, மண்ணும் தண்ணியுமாக் கடலுக்குள்ள வழியவிடுறா. பிறகும் எடுக்கிறா, பிறகும் விடுறா. சின்னப்பிள்ளை மாதிரி. டொறத்தி எனக்குப் பக்கத்தில இருந்து பாத்துப்போட்டு, பார் உன்ரை மனிசிக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்லிச்சுது. எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருந்தது.

— காணும் அப்பா, நிப்பாட்டுங்கோ.

— ஏன் வெக்கப்படுறீர்? நல்லதைத்தானே சொல்லுறன்.

— அண்ணை, கையை எப்பிடி வைச்சிருந்தவ?

— எப்பிடியெண்டா?

— மண் கிடந்த கை. விரல் நுனியாலயோ விட்டவ, பெருவிரல் பக்கத்தாலையோ?

— இதென்ன கேள்வி பிள்ளை? பொறு, செய்து காட்டுறன். இந்தா, உள்ளங்கையை இப்பிடி வைச்சு, இப்பிடிச் சரிச்சு... ஓம், பெருவிரல் பக்கத்தால. பெருவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவாலதான் வழிஞ்சது. நான் வடிவாக் கண்டனான். வாயுக்குள்ள ஏதோ சொல்லிக்கொண்டும் நிண்டவ.

— தவம். தவம், என்னைப் பார். நான் சொல்லுறதைக் கேள்.

— என்ன, திடீரெண்டு எழும்பிட்டாய்? இவவின்ரை கால் ஈரத்தோடை கிடக்கு, அந்தத் துவாயைத் தந்திட்டுப் போவன். எங்கை வெளிக்கிடுறாய்? வடை எடுக்கப்போறன் பிள்ளை.

— தவம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்லத்தான் இருந்தனான். சத்தியமா. தவம்!

— கோட்டைப் போட்டுக்கொண்டு போ, வெளியில தூறுது. தவம்! கூப்பிடுறது கேக்கேல்லையோ? கதவையும் சாத்தாமல் போறாள். கமலா, என்ன இது? இந்தத் தூறலுக்குள்ள எங்கை ஓடுறாள்? நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்? நீர் மண்ணில விளையாடினதைத்தானே சொன்னனான்?

— அது மண் இல்லையப்பா. எள்ளு. கனடாக் கதை நானாக் கட்டினது. ஜம்பு அண்ணாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சனான்.